ரசிப்பது வேறு, ஆசைப்படுவது வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறரைப் பார்த்து வியப்பது எங்கே முடிகிறது, நம் சொந்த ஆசை எங்கே தொடங்குகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 20. ஒரு விஞ்ஞானியின் பேட்டியைப் பார்த்தால் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த வாரம் ஒரு புகைப்படக் கலைஞரின் படங்களைப் பார்த்ததும் கேமரா மேல் ஆசை வருகிறது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு வழக்கறிஞர். இதில் எது என் சொந்த ஆசை, எது வெறும் பிரமிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — கல்லூரி மாணவி

பதில்: இப்படி மாறி மாறித் தோன்றுவதை மன உறுதி இல்லாததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பேட்டியில் நாம் நான்கு விஷயங்களை ஒரே நேரத்தில் பார்க்கிறோம்: அந்த மனிதர் செய்யும் வேலை, அவருடைய குணம், அவர் வாழும் முறை, அவருக்குக் கிடைத்திருக்கும் பெயர். இவற்றில் நம்மை அசைத்தது எது என்று பிரித்துப் பார்க்காதவரை "அவரைப் போல ஆக வேண்டும்" என்றுதான் மனசு சொல்லும்.

பிரித்துப் பார்க்க ஒரு தாள் போதும். உங்களைக் கவர்ந்த ஐந்து பேரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே வேலை, குணம், வாழ்க்கை முறை, பெயர் என்று நான்கு கட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாக அழித்துப் பாருங்கள். வேலை மட்டும் கிடைக்கும், யாருக்கும் உங்களைத் தெரியாது என்றால் சம்மதமா? பெயர் கிடைக்கும், ஆனால் தினமும் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றால்? வழக்கறிஞரிடம் உங்களைக் கவர்ந்தது சட்டம்தானா, அல்லது எதிரில் யார் இருந்தாலும் தடுமாறாமல் பேசும் துணிச்சலா? துணிச்சல்தான் என்றால் அது குணம். அதை வளர்த்துக்கொள்ள சட்டக் கல்லூரி தேவையில்லை, இப்போது படிக்கும் வகுப்பிலேயே தொடங்கலாம். ஐந்து பேரின் வேலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் ஒரே குணம் மூன்று பேரிடம் திரும்ப வந்தால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேடல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, அந்த வேலையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது. புகைப்படக் கலைஞரின் நேரத்தில் பெரும் பகுதி நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து நாலைந்தைத் தேர்ந்தெடுப்பதிலும், கணினி முன் அவற்றைத் திருத்துவதிலும், அடுத்த வேலைக்கு ஆள் தேடுவதிலும் போகிறது. ஆராய்ச்சியில் இருப்பவர் சரியாக வராத ஒரே சோதனையை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிறார். வழக்கறிஞர் கட்டுக் கட்டாகக் காகிதம் படிக்கிறார், வழக்கு ஒத்திவைக்கப்படும்போது காத்திருக்கிறார். இதையெல்லாம் புகழ்பெற்றவரிடம் கேட்காதீர்கள். அந்தத் துறையில் நுழைந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆனவரைத் தேடிப் பிடித்து, அறிவுரை கேட்காமல் மூன்றே கேள்வி கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்? எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள்? எதை யாரும் சொல்லாமலே செய்கிறீர்கள்? உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஓர் அனுபவம் நமக்கு எப்படி இருக்கும் என்பதை, அதைப் பற்றிய தகவல்களை வைத்து நாமே கற்பனை செய்வதைவிட, ஏற்கெனவே அதில் இருந்த ஒருவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் கூடுதல் துல்லியமாகக் கணிக்க முடிகிறது.

கடைசியாக, வெள்ளோட்டம். மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 45 நிமிடம், மொத்தம் 9 மணி நேரம். புகைப்படம் என்றால் கையில் இருக்கும் போனே போதும்: ஒரே ஜன்னல் வெளிச்சத்தை 20 படம் எடுத்து, இரண்டைத் தேர்ந்து, ஏன் அந்த இரண்டு என்று எழுதுங்கள். ஆராய்ச்சி என்றால் ஒரு கட்டுரையை எடுத்து, எந்த வரியில் புரியாமல் நின்றீர்கள் என்று குறித்து, அந்த ஒன்றைப் புரிந்துகொள்ளும்வரை விடாதீர்கள். அதைப் பற்றிய காணொளி பார்ப்பது இந்த 45 நிமிடக் கணக்கில் சேராது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் ரசனை வளரும், ஆனால் அந்த வேலையைக் கை எப்படி ஏற்கிறது என்பது கடைசிவரை தெரியாது.

ஒவ்வொரு முறையும் முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்: எப்போது கடிகாரத்தைப் பார்த்தேன், அடுத்து என்ன செய்யத் தோன்றுகிறது. முதல் இரண்டு வாரம் வெறுப்பாக இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, "நமக்கான ஆர்வம் எங்கோ தயாராக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும்" என்று நம்புகிறவர்கள் விஷயம் கடினமானதும் சீக்கிரம் ஆர்வம் இழக்கிறார்கள். ஆர்வம் வளர்க்கப்படுவது என்று நினைப்பவர்களுக்கு அந்த அளவுக்கு இழப்பு இல்லை. உங்கள் எரிச்சல் எந்த வகை என்று பாருங்கள். "எனக்கு வரமாட்டேன் என்கிறதே" என்பது கற்பவரின் எரிச்சல், அது நல்ல அறிகுறி. "இதை எதற்குச் செய்கிறேன்" என்பது நான்காவது வாரத்திலும் தொடர்ந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். 9 மணி நேரத்தில் ஒரு துறை உங்களுக்கு இல்லை என்று தெரிவது பெரிய லாபம்.

கேள்வி: என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் என்னைவிட வேகமாக முன்னேறிவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ சுருக்கென்று தைக்கிறது. நான் கெட்டவனா? — 34 வயது வாசகர்

பதில்: இல்லை. அந்தச் சுருக்கென்ற உணர்வை நாங்கள் ஒரு தகவலாகவே பார்க்கிறோம்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் நீல்ஸ் வான் டி வென், மார்செல் ஸீலன்பர்க், ரிக் பீட்டர்ஸ் மூவரும் பொறாமையில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, அவரைக் கீழே இழுக்கத் தூண்டுவது. மற்றது, நம்மை மேலே ஏறத் தூண்டுவது. 2011-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டாம் வகை உணர்வு வந்தவர்களே கூடுதலாக முயன்றார்கள். வெறும் வியப்போடு நின்றவர்களிடம் அந்த முயற்சி இல்லை. காரணமும் யோசித்துப் பார்த்தால் புரிகிறது. "அவர் எங்கேயோ இருக்கிறார், நமக்கு எட்டாது" என்று முடிவு செய்தபின் வியப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் எழுந்து எதையும் செய்ய வைக்காது. எட்டக்கூடியது என்று மனதுக்குத் தெரிந்தால்தான் தைக்கிறது.

அதனால் யாரைப் பார்த்தால் வெறும் மகிழ்ச்சி வருகிறது, யாரைப் பார்த்தால் தைக்கிறது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் குட்டையாக இருக்கும், ஆனால் அதுதான் உங்கள் சொந்த விருப்பங்களுக்கு அருகில் இருக்கும். பிறகு ஒரு சோதனை: அவருடைய பதவி உயர்வு நாளை பறிபோனால் உங்கள் மனம் ஆறுமா? ஆறும் என்றால் உங்களுக்கு வேண்டியது அந்த வேலை அல்ல, அவரோடு சமமாக இருப்பது மட்டுமே. ஆறாது, அவர் செய்வதை நானும் செய்ய வேண்டும் என்று தோன்றினால், அவர் கடந்த ஓராண்டில் கற்ற ஒன்றை, ஒன்றே ஒன்றை, குறித்துக்கொண்டு அவரிடமே போய்க் கேளுங்கள். "நீங்கள் எப்படி முன்னேறினீர்கள்" என்ற கேள்வி வேண்டாம். அதற்குப் பொத்தாம்பொதுவான பதில்தான் கிடைக்கும். "அந்த அறிக்கையை எந்த வரிசையில் தயாரித்தீர்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: என் 12 வயது மகளுக்கு ஒரு விளையாட்டு வீராங்கனை என்றால் உயிர். சுவர் முழுக்க அவர் படம். "நானும் அவரைப் போல ஆவேன்" என்கிறாள். பயிற்சியில் சேர்க்கலாமா, அல்லது இது கொஞ்ச நாளில் போய்விடும் மோகமா? — ஒரு தாய்

பதில்: மோகமாக இருந்தாலும் தப்பில்லை, பெரும்பாலான ஆர்வங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. சுசான் ஹிடி, ஆன் ரெனிங்கர் இருவரும் 2006-ல் ஆர்வத்தின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாக விவரித்தார்கள். வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்டுகிறது. சூழலின் துணையோடு அது கொஞ்ச காலம் நீடிக்கிறது. பிறகு குழந்தை தானாகத் தேடத் தொடங்குகிறது. கடைசியில் அது அவளுடையதாகவே ஆகிவிடுகிறது. முதல் இரண்டு கட்டங்களில் துணை இல்லாவிட்டால் ஆர்வம் அணைந்துபோகும். பெற்றோர் அதைத் தங்கள் கையில் எடுத்து அதிகாரம் செய்தாலும் அதே கதிதான்.

மகள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்பதை அவள் கேட்கும் கேள்விகளே சொல்லிவிடும். "அவர் எத்தனை பதக்கம் வாங்கினார், அவர் வீடு எப்படி இருக்கும்" என்று கேட்டால் ரசிகை. "பந்தை அடிக்கும் முன் அவர் ஏன் இடது காலை முதலில் வைக்கிறார்" என்று கேட்டால் விளையாட்டு உள்ளே நுழைந்துவிட்டது. இன்னொரு அடையாளம், வீராங்கனை ஆடாத போட்டிகளையும் பார்க்கிறாளா என்பது.

சேர்ப்பதானால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு, வாரம் இரண்டு வகுப்பு போதும். தொடங்கும் முன்பே "இத்தனை வாரம் முடிந்ததும் உன்னைக் கேட்டுத்தான் அடுத்த முடிவு" என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ஒருநாள் அழுதுகொண்டு வந்தால் அன்றே நிறுத்தவும் வேண்டாம், "உன் வீராங்கனை இப்படி அழுவாரா" என்று கேட்கவும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வியப்பை அளவுகோலாக மாற்றிவிடும். உலகத் தரத்தில் ஆடுபவரோடு 12 வயதுக் குழந்தையை அளந்தால் குழந்தை எப்போதும் தோற்கும். உச்சத்தில் இருக்கும் வீராங்கனையைவிட அதே பயிற்சியில் இரண்டு மூன்று ஆண்டு மூத்த ஒரு பெண்ணைக் காட்டுங்கள். பெனலோப் லாக்வுட், ஸீவா குண்டா இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சாதனை படைத்த நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பற்றிப் படித்த முதலாம் ஆண்டு மாணவர்கள் உற்சாகம் அடைந்தார்கள். "எனக்கு இன்னும் காலம் இருக்கிறது" என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நான்காம் ஆண்டில் இருந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. எட்டும் தூரத்தில் இருப்பவரே குழந்தைக்கு நல்ல முன்மாதிரி.

கேள்வி: நான் கதை எழுதுகிறேன். எனக்குப் பிடித்த எழுத்தாளரின் நடை அப்படியே வந்துவிடுகிறது. நண்பர்கள் "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது போல" என்கிறார்கள். படிப்பதை நிறுத்திவிடட்டுமா? — வளரும் எழுத்தாளர்

பதில்: நிறுத்தாதீர்கள். பார்த்துச் செய்வது கைவேலை கற்கும் பழைய வழி. குறை என்னவென்றால், மேலோட்டமான அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: அவர் போடும் அரை வாக்கியம், அவருக்குப் பிடித்த சொல், அவர் கதை முடிக்கும் விதம். ஏன் அந்த இடத்தில் அப்படிச் செய்தார் என்ற முடிவை எடுத்துக்கொள்வதில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் கையாண்ட முறையைச் சொல்கிறோம். தனக்குப் பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதுவார். சில நாள் ஒதுக்கி வைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துத் தன் சொற்களில் கட்டுரையை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில நேரம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, வாரங்கள் கழித்துத் தானே வரிசைப்படுத்துவார். ஒழுங்கமைப்பது எப்படி என்று அதில் கற்றார். சின்னச் சின்ன இடங்களில் மூலத்தைவிடத் தன்னுடையது நன்றாக வந்திருப்பதாகவும் அவருக்குத் தோன்றியதுண்டு. அந்த இடங்கள்தான் முக்கியம். உங்கள் நடை தலைகாட்டும் இடம் அது.

நீங்கள் இதை ஒரு பக்க அளவில் செய்யுங்கள். குறிப்பு எடுக்க அரை மணி, இடைவெளி ஐந்து நாள், திருப்பி எழுத ஒரு மணி, ஒப்பிட அரை மணி. ஒப்பிடும்போது இரண்டு நிற மையால் கோடிடுங்கள்: அவர் செய்தது மேலானது என்று தோன்றும் இடத்துக்கு ஒரு நிறம், நீங்கள் வேண்டுமென்றே மாற்றி, இப்போதும் மாற்றியது சரி என்று நினைக்கும் இடத்துக்கு இன்னொரு நிறம். ஐந்தாறு பக்கங்களுக்குப் பிறகு இரண்டாம் நிறத்தில் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். இடைவெளி இல்லாமல் உடனே எழுதினால் நினைவிலிருந்து அவர் வாக்கியமே வந்து விழும், பயிற்சி வீணாகும்.

வான்கோ 1880-ல் ஓவியராக முடிவு செய்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தே கற்றார். 1889, 1890-ல் சான் ரெமியில் மனநலச் சிகிச்சையில் இருந்தபோதும் மில்லேயிடமே திரும்பினார். ஆனால் அப்போது அவர் முன் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். வண்ணம் முழுக்க அவரே தீர்மானித்தது. இன்னொருவர் அமைத்த இசையை ஒரு கலைஞர் தன் வழியில் வாசிப்பதோடு அதை அவர் ஒப்பிட்டார். உங்களுக்கும் அதுபோல ஓர் இடத்தைக் காலியாக விட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் எழுத்தாளரின் கதை அமைப்பை எடுங்கள், அவர் எழுதவே எழுதாத ஒரு களத்தில் வையுங்கள். கூடவே, அவருக்கு நேர் எதிராக எழுதும் ஒருவரையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே ஆளைப் படிப்பவருக்குத்தான் நடை ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: என் இலட்சியத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது அல்லவா? — ஒரு வாசகர்

பதில்: பல நேரம் எதிராக நடக்கிறது. பீட்டர் கோல்விட்ஸரும் சகாக்களும் 2009-ல் சட்ட மாணவர்கள் உள்ளிட்டோரிடம் செய்த சோதனைகளில், இப்படி ஆகப்போகிறேன் என்ற நோக்கம் பிறர் கவனத்துக்கு வந்தபின் அதற்கான உழைப்பு குறைந்தது. அந்த அடையாளம் கொஞ்சம் கையில் வந்துவிட்ட நிறைவு அப்போதே கிடைத்துவிடுகிறது. "எழுத்தாளராகப் போகிறேன்" என்று சபையில் சொல்லாதீர்கள். "ஞாயிறு மாலைக்குள் நான்கு பக்கம் அனுப்புகிறேன், வராவிட்டால் கேள்" என்று ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இசை, ஓவியம், விளையாட்டு எல்லாவற்றிலும் பலரைப் பிடிக்கும். ஆனால் எதையும் கற்கத் தோன்றவில்லை. இது சோம்பலா? — ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: சோம்பல் அல்ல, ஐயா. உளவியலாளர்கள் டாட் த்ராஷ், ஆண்ட்ரூ எலியட் இருவரும் உந்துதலில் இரண்டு பகுதி இருப்பதாகப் பிரித்தார்கள்: ஒன்றால் நெகிழ்வது, ஒன்றைச் செய்யக் கிளம்புவது. முதலாவது வந்தால் இரண்டாவதும் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரசனை அதனளவில் முழுமையானது. நல்ல பாட்டைக் கேட்டு நெகிழ்ந்ததற்காக யாரும் பாடகராக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: "எனக்கு ஆசை இல்லை" என்பதற்குப் பின்னால் "இந்த வயதில் சிரிப்பார்கள்" என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறதா? யாருமே பார்க்க மாட்டார்கள் என்றாலும் வேண்டாம் என்றே தோன்றினால் நிம்மதியாக ரசியுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஒரே தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளியில் என் ஆசிரியர் ஒருவரைப் பார்த்து வந்த கனவு. இப்போது அது என் கனவுதானா என்றே தெரியவில்லை. விட்டால் இத்தனை ஆண்டும் வீண், தொடர்ந்தால் மூச்சு முட்டுகிறது. — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேறொருவரிடமிருந்து வந்தது என்பதாலேயே ஒரு கனவு பொய்யாகிவிடாது. எல்லா ஆசையும் எங்கிருந்தோ வருகிறது. இன்றைக்கு எந்தக் காரணத்தால் அதைத் தொடர்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் இருவரும் 1999-ல் முன்வைத்த அளவை முறை இதற்கு உதவும். உங்கள் இலக்கைத் தாளில் எழுதி, கீழே நான்கு காரணங்களுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுங்கள். ஒன்று, மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் அல்லது சூழ்நிலை கட்டாயப்படுத்துகிறது. இரண்டு, செய்யாவிட்டால் குற்ற உணர்வு, வெட்கம், பதற்றம் வரும். மூன்று, இது முக்கியம் என்று நானே மனதார நம்புகிறேன். நான்கு, செய்வதே பிடித்திருக்கிறது. பின் இரண்டின் கூட்டலிலிருந்து முன் இரண்டின் கூட்டலைக் கழியுங்கள். அவர்களுடைய ஆய்வில், இந்தக் கணக்கு மேலே இருந்தவர்கள் நீண்ட நாள் முயன்றார்கள், அதனால் இலக்கை அடைவதும் கூடியது.

ஒரே நாளில் போடும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் எல்லாமே இருட்டாகத் தெரியும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போடுங்கள், முந்தைய தாளைப் பார்க்காமல். அதோடு இரண்டு இலக்குகளைத் தனித்தனியாக அளக்க வேண்டும்: தேர்வுக்குப் படிப்பது, தேர்வுக்குப் பிறகு வரும் வேலை. ஆறு ஆண்டு படித்தால் படிப்பு யாருக்கும் கசக்கும். வேலைக்கு மதிப்பெண் இன்னும் மேலே இருந்தால், களைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஓய்வும், படிக்கும் முறையில் மாற்றமும், இன்னும் எத்தனை முயற்சி என்ற எல்லையும் தேவை. வேலைக்கும் மூன்று முறையும் கீழேயே வந்தால், உங்களைத் தொடர வைப்பது பயம்.

அப்படியானால் விடலாம். ஆனால் விடும் முன் அந்த ஆசிரியரிடம் உங்களை ஈர்த்தது என்ன என்று, முதல் கேள்விக்குச் சொன்ன நான்கு கட்டத்தில் எழுதுங்கள். அவருடைய நேர்மையா, சிக்கலான விஷயத்தை எளிதாக்கும் திறனா, நாலு பேருக்கு உதவும் இடத்தில் இருந்ததா? அது உங்களோடு வரும், தேர்வோடு போகாது. கார்ஸ்டன் ரோஷும் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டாத இலக்கை விட முடிந்தவர்கள், புதியதொன்றில் ஈடுபட முடிந்தவர்கள், மனநலத்தில் மேம்பட்டிருந்தார்கள். விடுவது மட்டும் போதாது, கை வைக்க இன்னொன்று வேண்டும்.

ஆகவே படிப்பை இன்றே நிறுத்தாமல் வாரத்தில் ஆறு மணி நேரத்தை மட்டும் எடுத்து, அந்தக் குணத்துக்கு நெருக்கமான வேறொரு வேலைக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள். விளக்கிச் சொல்லும் திறன்தான் ஈர்த்தது என்றால் இரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஆறு ஆண்டில் நீங்கள் படித்தவற்றில் எந்தப் பாடத்தை யாரும் கேட்காமலே இன்னும் படிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டில் சொல்ல வேண்டியது அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகுதான். கையில் மாற்று எதுவும் இல்லாமல் "விடப்போகிறேன்" என்று சொன்னால் பேச்சு முழுக்க உங்கள் தோல்வியைப் பற்றியே இருக்கும். "இதைச் செய்து பார்த்தேன், இப்படி வந்தது, இந்தத் தேதிவரை இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அவர்கள் கேள்வியும் மாறும். மூச்சு முட்டுவது தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் இந்தத் தாள்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் போடும் எந்த மதிப்பெண்ணும் சரியாக இருக்காது.